சிகாகோ போகிறவர்களுக்கு ஒரு வாத்தியாரின் வேண்டுகோள்



கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள். அவசரக்காரர்கள் கடைசி நான்கு பத்தியை மட்டும் படித்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது மேலே வாருங்கள்.

மகள் வீடு சிகாகோ புறநகரில் இருக்கிறது. இரண்டு முறை போய், மொத்தம் ஏழெட்டு மாதம் தங்கி வந்திருக்கிறேன். அதனால் நம் கூட்டத்தில் யார் அமெரிக்கா கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. "சார், சிகாகோவுக்கு ஒரு நாள்தான் ஒதுக்கியிருக்கோம். என்ன பார்க்கலாம்?" உறவுக்காரர்கள் என்றால் கேள்வியே வேறு. "நியூயார்க் பார்த்தாச்சு, நயாகரா பார்த்தாச்சு. சிகாகோவுல அப்படி என்ன இருக்கு மாமா?"

எல்லோரும் போகிற பட்டியல் ஒன்று உண்டு. வில்லிஸ் டவரின் 103-ஆவது மாடியில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று ஒரு படம். 'பீன்' என்று ஊரார் செல்லமாக அழைக்கும் அந்தப் பளபளப்பான எஃகுச் சிற்பத்தின் முன்னால் ஒரு படம். ஆற்றில் ஒரு படகுச் சவாரி. டெவன் தெருவில் மளிகையும் புடவையும். ஞாயிற்றுக்கிழமை லெமான்ட் கோயில், கேன்டீனில் புளியோதரை. எல்லாம் நல்லதுதான், நானும் செய்தேன். ஆனால் அதோடு திரும்பி வந்தால், ஒரு வீட்டுக்குப் போய் வரவேற்பறை ஷோகேஸை மட்டும் பார்த்துவிட்டு வந்த கணக்குதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் பார்க்க வேண்டிய மிகப் பெரிய விஷயம் அதன் உயரமான கட்டடங்கள் இல்லை. கட்டடமே கட்டாமல் விட்டுவைத்த ஏரிக்கரை. அதற்குச் சமமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, அந்தக் கரையில் கால் வைக்க எல்லோருக்கும் எப்போது, எப்படி இடம் கிடைத்தது என்பது. இந்த இரண்டும் தெரிந்தால் அந்த ஊரே வேறு மாதிரித் தெரியும். அங்கே வாழும் நம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். சமூக அறிவியல் வாத்தியாரிடம் கேட்டால் இதெல்லாம் வரத்தான் செய்யும்.

மிச்சிகன் ஏரி என்று பெயர்தான் ஏரி. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, அலை அடிக்கும், உப்பு மட்டும் இருக்காது. அதன் தென்மேற்கு மூலையில், ஒரு சின்ன ஆறு வந்து சேரும் சதுப்பு நிலம்தான் சிகாகோ. அங்கே காட்டுப் பூண்டு மண்டிக் கிடந்ததாம். பூர்வகுடி மக்கள் அதற்கு வைத்திருந்த சொல்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் புரண்டு 'சிகாகோ' ஆனது. வெளியிலிருந்து வந்து அங்கே நிலையாகக் குடியேறிய முதல் ஆள் என்று சொல்லப்படுகிறவர் ஒரு கறுப்பின வணிகர், ழான் பாப்டிஸ்ட் பாயின்ட் டு சாபிள். 1780-களில் ஆற்று முகத்துவாரத்தில் வீடு கட்டி வியாபாரம் செய்தவர். ஏரிக்கரையை ஒட்டி ஓடும் புகழ்பெற்ற சாலைக்கு அவர் பெயரைச் சேர்ப்பதற்கு 2021 வரை ஆயிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1837-இல் நகரமாக அறிவித்தபோது மக்கள்தொகை சுமார் 4,000. நம் பக்கத்து ஒரு நடுத்தர கிராமம் அளவுதான். 1890-இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு மனிதரின் ஆயுளுக்குள்ளே! காரணம் எளிது. 1848-இல் ஒரு கால்வாய் வெட்டி, ஏரியை மிசிசிப்பி ஆற்றோடு போகும் நீர்வழியில் இணைத்தார்கள். பின்னாலேயே ரயில் வந்தது. மேற்கே விளையும் தானியம், வடக்கே வெட்டும் மரம், சமவெளியில் வளரும் மாடும் பன்றியும் எல்லாம் சிகாகோ வழியாகத்தான் கிழக்கே போயாக வேண்டும். 1865-இல் தொடங்கிய கால்நடைச் சந்தையும் இறைச்சிக்கூடங்களும் 1971 வரை நடந்தன. அப்டன் சின்கிளேர் 1906-இல் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல் அந்தக் கூடங்களின் அழுக்கை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் உணவுத் தூய்மைக்கான சட்டங்கள் வந்தன.

இந்த இடத்தில் ஒரு விஷயம் பேச வேண்டும். நம்மவர்கள் திரும்பி வந்ததும் சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "அவன் எல்லாத்தையும் முதல்லயே பிளான் பண்ணித்தான் கட்டியிருக்கான். நமக்கு அந்தப் புத்தி வராது."

சிகாகோவைப் பார்த்துவிட்டு இப்படிச் சொன்னால் அந்த ஊரே சிரிக்கும். திட்டம் போடாமல் வளர்ந்து, சேற்றில் மாட்டிக்கொண்ட ஊர் அது. சதுப்பு நிலத்தில் சாக்கடை ஓட வழியில்லை. காலரா வந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. பூமிக்குள் சாக்கடை புதைக்க முடியாததால் தெருவுக்கு மேலே புதைத்து, அதன்மேல் மண் கொட்டித் தெருவையே உயர்த்தினார்கள். அப்புறம் கட்டடங்கள் பள்ளத்தில் நின்றன. 1850-களிலும் 60-களிலும் செங்கல் கட்டடங்களையும் ஓட்டல்களையும் நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகள் வைத்து, அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள்.

சாக்கடை எங்கே போனது? ஆற்றுக்கு. ஆறு எங்கே போனது? ஏரிக்கு. குடிநீர் எங்கிருந்து வந்தது? அதே ஏரியிலிருந்து. பிரச்சினை புரிகிறதா? கடைசியில் 28 மைல் நீளத்துக்குப் பெரிய கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். ஏரிக்குள் ஓடிய ஆறு, ஏரியிலிருந்து வெளியே ஓட ஆரம்பித்தது. இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. உலகத்தின் பொறியியல் சாதனைகளில் ஒன்று, சந்தேகமில்லை. ஆனால் அழுக்கு கீழே இருந்த ஊர்களை நோக்கிப் போனது. செயின்ட் லூயிஸ் நகரம் இருக்கும் மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1906-இல் தோற்றது. படகுச் சவாரியில் வழிகாட்டி, ஆறு திரும்பிய கதையைப் பெருமையாகச் சொல்லும்போது, இந்த இரண்டாம் பாதியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு தீ. 1871 அக்டோபர் 8 இரவு பிடித்தது, 10-ஆம் தேதிதான் அடங்கியது. பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள், சுமார் 300 உயிர்கள், ஒரு லட்சம் பேருக்கு வீடில்லை. வீடும் மரம், நடைபாதையும் மரம், மழையும் இல்லாத கோடை. ஆனால் பழி யார்மேல் விழுந்தது? ஓலியரி என்ற ஏழை ஐரிஷ் அம்மாள் மேலும் அவர் வீட்டுப் பசு மேலும். பசு விளக்கை உதைத்துத் தள்ளியதுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த அம்மாள் சாகும்வரை அந்தப் பழியோடு வாழ்ந்தார். நகர மன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்மானம் போட்டது 1997-இல். நூற்று இருபத்தாறு ஆண்டு கழித்து! ஊருக்கு ஆபத்து வரும்போது, வந்தேறி ஏழையின் தலையில் பழி போடுவது எந்த நாட்டிலும் வழக்கம்தான்.

எரிந்த ஊரின் இடிபாடுகளை அள்ளிக்கொண்டு போய் ஏரிக்கரையில் கொட்டினார்கள். அதனால் கரை வெளியே தள்ளிப் புது நிலம் உண்டானது. இனித்தான் நான் சொல்ல வந்த கதை.

தீக்கு முன்பே, 1836-இல், கால்வாய் வேலைக்காக நிலம் விற்ற ஆணையர்கள் வரைபடத்தில் ஒரு துண்டு கரையைக் காட்டி ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். இது பொது நிலம், என்றைக்கும் கட்டடமோ வேறு தடையோ இல்லாமல் திறந்தே கிடக்க வேண்டும் என்பது அதன் சாரம். எழுதினார்கள், அவ்வளவுதான். மறுபக்கம் ரயில் தண்டவாளம், குப்பை, கொட்டகை எல்லாம் அங்கேதான் வந்தன. நமக்குத் தெரியாதா, பொறம்போக்கு என்றால் யாருடைய நிலமும் இல்லை என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது!

அந்தக் கரைக்கு எதிரே மிச்சிகன் அவென்யூவில் அலுவலகம் வைத்திருந்தவர் ஆரன் மான்ட்கோமரி வார்டு. அஞ்சல் வழியாகப் பொருள் விற்கும் வியாபாரத்தை 1872-இல் தொடங்கிப் பெரும் பணக்காரர் ஆனவர். 1890-இல் அவர் வழக்குப் போட்டார். அந்த 1836 குறிப்பைக் காட்டி, கட்டடங்களை எடு என்றார். நகராட்சி எதிர்த்தது. பத்திரிகைகள் திட்டின. 'முன்னேற்றத்துக்குத் தடை' என்றன. அருங்காட்சியகம் கட்டுகிறோம், நூலகம் கட்டுகிறோம், நல்ல காரியம்தானே என்றார்கள். அவர் அசையவில்லை. இருபது ஆண்டு, நான்கு முறை மாநில உச்ச நீதிமன்றம், நான்கு முறையும் வெற்றி. பணக்காரர்களுக்காக இல்லை, ஏழைகளுக்காகவே போராடினேன் என்று பிற்பாடு சொன்னார். 1913-இல் இறந்தார். ஃபீல்டு அருங்காட்சியகம் அந்த இடத்தை விட்டுத் தெற்கே தள்ளிப் போய்த்தான் கட்டப்பட்டது.

இதற்கிடையில் 1909-இல் டேனியல் பர்னமும் எட்வர்டு பென்னெட்டும் நகரத்துக்கு ஒரு திட்டம் எழுதினார்கள். ஏரிக்கரை மக்களுக்கே உரியது என்பது அதன் உயிர்நாடி. ஆக, பிளான் வந்தது உண்மைதான். ஆனால் ஊர் பிறந்து எழுபது ஆண்டு கழித்து, அதுவும் ஒரு பிடிவாதக்காரர் கோர்ட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தபோது வந்தது. புத்தியால் மட்டும் வந்ததில்லை பிள்ளைகளே, பிடிவாதத்தால் வந்தது.

இன்று அங்கே போனால் என்ன பார்க்கலாம்? கரையோரமாக 18 மைலுக்கு நடைபாதையும் சைக்கிள் பாதையும். கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். அமெரிக்காவின் விலை உயர்ந்த நிலம் அது. எந்தக் கோடீஸ்வரரும் அங்கே வேலி போட்டு 'என் வீட்டுக் கடற்கரை' என்று சொல்ல முடியாது. காலையில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒரு பக்கம் மெக்சிகோக் குடும்பம் ஒன்று சோளம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் போலந்துப் பாட்டி ஒருவர் பின்னிக்கொண்டிருந்தார். யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

'பீன்' இருக்கும் மில்லேனியம் பூங்காவும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். அது 2004-இல் திறந்தது. சிற்பத்தின் உண்மைப் பெயர் 'கிளவுட் கேட்'. செய்தவர் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். அங்கேயே பக்கத்தில் இசை மேடை ஒன்று இருக்கிறது, பிராங்க் கெரி வடிவமைத்தது. வார்டு வாங்கிய தீர்ப்பினால் அங்கே உயரமான கட்டடம் கட்ட முடியாது. அதனால் என்ன செய்தார்கள் தெரியுமா? 'இது கட்டடம் இல்லை, கலைப்படைப்பு' என்று வகைப்படுத்திக் கட்டினார்கள்! சட்டத்தைச் சுற்றிப் போவதில் நமக்கு மட்டும்தான் சாமர்த்தியம் என்று நினைக்காதீர்கள். ஆனாலும் அங்கே கோடையில் நடக்கும் இசை விழாக்களுக்குப் புல்வெளியில் உட்கார்ந்து இலவசமாகக் கேட்கலாம் என்பதால் நான் மன்னித்துவிட்டேன்.

சண்டை இன்றும் முடியவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' படம் எடுத்த ஜார்ஜ் லூகாஸ், தன் அருங்காட்சியகத்தை ஏரிக்கரையில் கட்ட விரும்பினார். பூங்காக்களுக்காகப் பாடுபடும் ஓர் அமைப்பு வழக்குப் போட்டது. 2016-இல் அவர் சிகாகோவைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார். அத்தனை பெரிய நன்கொடையை விரட்டிவிட்டீர்களே என்று ஊரில் பலருக்கு வருத்தம். அது நியாயமான வருத்தம்தான். அருங்காட்சியகமும் பொதுமக்களுக்குத்தானே? என் பதில்: அருங்காட்சியகத்தை வேறு இடத்தில் கட்டலாம். கரையை வேறு இடத்தில் கட்ட முடியாது. ஒரு நல்ல காரியத்துக்கு விட்டுக்கொடுத்தால், அடுத்த நல்ல காரியம் வரிசையில் நிற்கும்.

இத்தனை நேரம் புகழ்ந்தேன். இப்போது மறுபக்கம்.

'பொது' என்று பெயர்ப்பலகை வைத்தால் மட்டும் ஓர் இடம் எல்லோருக்கும் பொதுவாகிவிடாது. இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிகாகோவிலும் அதே கதைதான்.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து, தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பிக் கறுப்பின மக்கள் வடக்கே வரத் தொடங்கினார்கள். அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் சிகாகோவுக்கு மட்டும் சுமார் ஐந்து லட்சம் பேர் வந்தார்கள். அங்கே வெளியான 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையை, ரயிலில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் தெற்கே ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டியவர்கள் ஏராளம்.

1919 ஜூலை 27. கடும் வெயில். தெற்குப் பக்கம் ஏரியில் பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீரில் கோடு எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் கறுப்பர், அந்தப் பக்கம் வெள்ளையர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோடு இருந்தது. யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையன் மிதவையில் அந்தக் கோட்டைத் தாண்டி மிதந்துவிட்டான். கரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல் எறிந்தார். பையன் மூழ்கிச் செத்தான். போலீஸ்காரர் எறிந்தவரைக் கைது செய்யவில்லை. ஊர் ஒரு வாரம் பற்றி எரிந்தது. 38 பேர் செத்தார்கள், 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர்.

வார்டு இருபது ஆண்டு போராடிக் கடைசித் தீர்ப்பு வாங்கிப் பத்து ஆண்டுகூட ஆகாத ஏரிக்கரை. நான் பாடம் நடத்தும்போது ஊருணி, கோயில் தெரு நுழைவுப் போராட்டங்களைச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? தண்ணீரில் யாரும் கோடு போட முடியாது. மனிதன் போட்டான்.

கோடு தண்ணீரில் மட்டும் இல்லை. எந்தத் தெருவில் யாருக்கு வீடு விற்கலாம் என்று பத்திரத்திலேயே எழுதினார்கள். கறுப்பர் வாழும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து வீட்டுக் கடன் மறுத்தார்கள். 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஓர் ஓட்டை உடைசல் குடியிருப்பில் குடிவந்து, வீட்டுரிமைக்காக ஊர்வலம் போனார். மார்க்கெட் பார்க் என்ற இடத்தில் அவர் தலையிலேயே கல் விழுந்தது. 1968-இல் அவர் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள் வீட்டுப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தது.

நம் ஊருக்கும் சிகாகோவுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட முடியாது. 1893 செப்டம்பர் 11, விவேகானந்தர் பேச்சு. அவரை அனுப்ப மதராஸில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியதும், ராமநாதபுரம் சேதுபதி ஆதரவாக நின்றதும் எல்லோருக்கும் தெரியும். அவர் பேசிய கட்டடம் இன்று 'ஆர்ட் இன்ஸ்டிட்யூட்' என்ற கலைக்கூடம். வார்டு காத்த அந்தக் கரையில் விதிவிலக்காக அனுமதிக்கப்பட்ட கட்டடம் அது.

ஆனால் அதே 1893-இல் அதே ஊரில் நடந்த இன்னும் இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று: விவேகானந்தர் பேசிய சமய மாநாடு, கொலம்பஸ் பெயரால் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டித்தான் கூட்டப்பட்டது. அந்தக் கண்காட்சியில் கறுப்பின அமெரிக்கர்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டு, ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பெண் பத்திரிகையாளர் சிறு நூல் ஒன்றை வெளியிட்டு அங்கேயே விநியோகித்தார். சகோதரத்துவம் பற்றிய பேச்சுக்குக் கைதட்டிய ஊரில்தான் இதுவும் நடந்தது.

இரண்டாவது: மே தினம். நம் காலண்டரில் சிவப்பு எழுத்தில் இருக்கும் அந்த விடுமுறை சிகாகோ தந்தது. 1886 மே 1, எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம். மே 4, ஹேமார்க்கெட் என்ற இடத்தில் கூட்டம், யாரோ குண்டு வீசினார்கள். காவலர் ஏழு பேரும் மக்களில் குறைந்தது நான்கு பேரும் இறந்தார்கள். வீசியது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் தொழிலாளர் தலைவர்கள் எட்டுப் பேர் மேல் வழக்கு, நான்கு பேருக்குத் தூக்கு, ஒருவர் சிறையிலேயே தற்கொலை. மிஞ்சிய மூவரை, விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்று சொல்லி ஆளுநர் ஆல்ட்கெல்டு 1893-இல் விடுதலை செய்தார். அதோடு அவர் அரசியல் வாழ்வும் சரிந்தது. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி, இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியபோது நினைத்துக்கொண்டது இந்தச் சிகாகோக்காரர்களைத்தான். வேடிக்கை என்னவென்றால், மே 1 அமெரிக்காவில் விடுமுறை இல்லை. அவர்கள் தொழிலாளர் தினத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது, கடமை என்று முதலில் சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

நம் பிள்ளைகள் அங்கே நல்ல பள்ளி இருக்கும் புறநகராகப் பார்த்து வீடு வாங்குகிறார்கள். தவறில்லை. நாம் போனதும் முதலில் சொல்வது, "அப்பா, சவுத் சைடு பக்கம் மட்டும் போயிடாதீங்க." அங்கே துப்பாக்கிச் சூடு நடப்பது உண்மைதான், பயமும் நியாயம்தான். ஆனால் 'அவங்க அப்படித்தான்' என்று அடுத்த வாக்கியம் வருகிறது பாருங்கள், அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தப் பகுதி தானாக அப்படி ஆகவில்லை. கடன் மறுத்து, வீடு மறுத்து, பள்ளியைப் பாழாக்கி உண்டாக்கினார்கள்.

நம் பிள்ளைகள் இன்று விரும்பிய தெருவில் வீடு வாங்க முடிகிறதே, அந்த உரிமை யார் வாங்கித் தந்தது? பௌதிக மேதை சுப்ரமணியன் சந்திரசேகர், நம் பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர், 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவர் வகுப்பெடுப்பதை நிறத்தைக் காரணம் காட்டி ஒரு டீன் ஆட்சேபித்தார். பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் தலையிட்டுத்தான் சரியானது. 1983-இல் நோபல் பரிசு வாங்கியவருக்கே அந்த நிலை. 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, நாட்டை வைத்து ஆளை ஒதுக்கும் குடியேற்ற விதி மாறியது. அதன் பிறகுதான் நம் மருத்துவர்களும் பொறியாளர்களும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். கதவைத் தட்டித் திறந்தவர்கள் தலையில் கல் வாங்கியவர்கள். திறந்த கதவு வழியாக நடந்து போனவர்கள் நாம். நன்றி மறப்பது நன்றன்று என்று வகுப்பில் சொல்லித் தந்தது தேர்வுக்காக மட்டும் இல்லையே.

சரி, ஒரு நாளில் என்ன பார்க்கலாம்? என் பட்டியல் இது. காலையில் கல்ச்சுரல் சென்டர். 1897-இல் பொது நூலகமாகத் திறந்த கட்டடம், வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பாருங்கள், கட்டணம் இல்லை. அங்கிருந்து எதிரே நடந்தால் மில்லேனியம் பூங்கா. 'பீன்' முன்னால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றது? கலைக்கூடத்துக்கு டிக்கெட் உண்டு, கையில் காசும் நேரமும் இருந்தால் போங்கள். மதியம் டெஸ்ப்ளெய்ன்ஸ் தெருவில் ஹேமார்க்கெட் நினைவுச் சிற்பம். ஒரு வண்டிமேல் நின்று பேசுகிறவர்களின் உருவம். சின்ன இடம்தான், ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

இன்னொரு நாள் கிடைத்தால் தெற்கே புல்மன் தேசியப் பூங்கா. ரயில் பெட்டி முதலாளி தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். வாடகையைக் குறைக்காமல் கூலியை மட்டும் குறைத்ததால் 1894-இல் நாட்டையே உலுக்கிய வேலைநிறுத்தம் அங்கே வெடித்தது. டிஃபெண்டர் பத்திரிகையைத் தெற்கே கொண்டுபோன ரயில் பணியாளர்களின் சங்கக் கதையும் அங்கேயே இருக்கிறது. வில்லிஸ் டவருக்கும் போங்கள். 1974 முதல் 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம். அதன் உயரத்தைத் தாங்கும் அமைப்பைக் கண்டுபிடித்தவர் டாக்காவில் பிறந்த பஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது குழாய்களைக் கட்டாகக் கட்டியது போன்ற அமைப்பு. ஒரு குச்சியை ஒடிக்கலாம், கட்டை ஒடிக்க முடியாது என்பதுதான் விஷயம். மேலே போனதும் எல்லோரும் காலடியில் கண்ணாடியைப் பார்ப்பார்கள். நீங்கள் கிழக்கே பாருங்கள். நீலமும் பச்சையுமாக ஒரு பட்டை தெரியும். அத்தனை கோபுரமும் அதன் ஓரத்தில் வந்து நின்றுவிட்டிருக்கும்.

சாயங்காலம் கட்டாயம் ஏரிக்கரை. ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், கோடையிலும் காற்று குத்தும். 29-ஆவது தெருப் பக்கம் யூஜின் வில்லியம்ஸுக்கு ஒரு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். முடிந்தால் பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் கதையைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் சொன்னாலும் பரவாயில்லை.

வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டேன். நீங்கள் இப்போது எந்த ஊரில் இருந்தாலும் சரி, காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அது யார் காப்பாற்றியது, யாரை ஒரு காலத்தில் உள்ளே விடவில்லை, இப்போது யார் கண் வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள். பத்து வரி போதும். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.